நல்லா இருக்கான்னு சொல்லணும்

இந்த சீட்டுல ஆள் வருதா தாயி? வரலையா? அப்பக் கொஞ்சம் தள்ளி உக்காரு. இந்தத் தூக்குச்சட்டி சாஞ்சிரக் கூடாது, உள்ள சோறும் முட்டக்கொழம்பும் இருக்கு. ஜன்னலு ஒனக்கே இருக்கட்டும். வேடிக்கை பாக்குற நெலமையிலயா நான் இருக்கேன்! காலையில இருந்து ஒரு வாய்த் தண்ணி கூட உள்ள எறங்கல.

மலையடிப்பட்டிதான போற? நானும் அங்கதான். நர்சா நீ? அந்த வெள்ளச் செருப்பப் பாத்ததுமே நெனச்சேன். நல்லதாப் போச்சு. எனக்கு மயக்கம் கியக்கம் வந்தா நீ பாத்துக்குவ.

என்னயத் தெரியலையா ஒனக்கு? வேம்பரளி பஸ்டாண்டுல கட்டணக் கழிப்பிடம் இருக்குல்ல, அது வாசல்ல மேசை போட்டு ஒரு பொம்பள உக்காந்திருப்பாளே, அது நாந்தான். பஞ்சவர்ணம். நீ கூட வந்திருப்ப. நான் வஞ்சிருந்தாலும் வஞ்சிருப்பேன், மனசுல வச்சுக்காத. அந்த எடத்துல வாயி இல்லன்னா பொழைக்க முடியாது. குடிச்சுட்டு வர்றவன், காசு குடுக்காம நைசா நுழையிறவன், சொவத்துலயே போயிட்டுப் போறவன், அம்புட்டுப் பேரையும் வாயாலதான் வெரட்டணும். டிரைவருமாரு சொல்லுவாய்ங்க, "அக்கா, எங்க ஹாரன வித்துட்டு ஒன்னய ஏத்திக்கிரலாம்"னு.

ஆனா ஒரு ஆபீசரு மேசைக்கு அங்கிட்டு உக்காந்து பேனாவத் தெறந்துட்டார்னு வையி, அம்புட்டுத்தான். நாக்கு மேல ஒட்டிக்கிரும். அவுக என்ன கேட்டாலும் ஆமாங்கய்யா, சரிங்கய்யா. எங்கம்மா பேரு என்னன்னு கேட்டா அதுக்கும் ஆமாங்கய்யான்னுதான் வரும். சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்.

அப்பேர்ப்பட்டவள இன்னிக்கு மைக்குல பேசச் சொல்லியிருக்காக தாயி.

எங்கயா? கூர்நோக்கு இல்லம் தெரியுமா? பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைக மேல கேசு கீசுன்னா ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாக, அங்கதான் வச்சிருப்பாக. எம் மகன் அங்க இருக்கான். லோகநாதன். லோகுன்னு கூப்பிடுவேன். நீ மூஞ்சியச் சுழிக்கலயே, புண்ணியவதி. இதச் சொன்னதும் அங்கிட்டுப் போயி உக்காந்தவுகளும் உண்டு.

திருட்டுப் பய இல்ல தாயி அவன். பஸ்டாண்டுல நின்ன ஒரு பைக்க எவனோ எடுத்துக்கிட்டு வந்து, "ஏறுடா லோகு, ஒரு ரவுண்டு போலாம்"னான். இவன் ஏறிட்டான். பதினாறு வயசுல எந்தப் பய ஏற மாட்டான்? ஓட்டுனவன் குதிச்சு ஓடிட்டான், பின்னாடி இருந்த கூமுட்ட அப்பிடியே வண்டியோட நின்னுக்கிட்டிருந்திருக்கான். வண்டி சாஞ்சிரும்னு பிடிச்சுக்கிட்டு நின்னானாம். அதான் எம் மகன். போலீசு வந்து, "வண்டி யாரு கையில இருக்கு? ஒன் கையிலதான இருக்கு"ன்னு தூக்கிட்டுப் போயிட்டாக. அவுக அப்பன் திருப்பூருக்குப் போறேன்னு போனவன்தான், திரும்பியே பாக்கல. நான் ஒத்தையா நின்னேன்.

அங்க ஒரு நன்னடத்தை அலுவலர் இருக்காரு. பிள்ளைக வீடு வாசல் எப்பிடின்னு பாத்து, நீதிக் குழுமத்துல, அதான் சின்னப் பிள்ளைக கோர்ட்டுல, எழுதிக் குடுக்குறவரு. அவரு அப்பவே சொன்னாரு, "பயப்படாதீங்கம்மா, மொதத் தடவ, சின்னக் கேசு. அடுத்த வாய்தாவுல வெளிய விட்டுருவாங்க"ன்னு. நானும் நம்பி இருந்தேன். அதுக்கு முன்னாடி அந்தக் குழு வந்துருச்சு.

குழுன்னா, மாநில ஆலோசனைக் குழுவாம். மெட்ராஸ்ல இருந்து வருவாக. கேசுல மாட்டுன பிள்ளைகள எப்பிடி நடத்துறாக, இன்னும் என்ன செய்யலாம்னு பாத்து அரசாங்கத்துக்கு யோசனை சொல்றது அவுக வேல. உத்தரவு போட முடியாதாம். யோசனை மட்டுந்தானாம். "அதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் கார் போட்டு வர்றாக, போனுல சொல்லலாமுல்ல"ன்னு அலுவலருட்டக் கேட்டேன். மொறச்சாரு பாரு ஒரு மொறப்பு.

அவுக வர்ற அன்னிக்குத் தாய் தகப்பனையும் வரச் சொல்லியிருந்தாக. போனா, எடம் கல்யாண மண்டபம் கணக்கா இருக்கு. சொவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, சாஞ்சேன், முந்தானை பூரா வெள்ள. பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி புதுச்சட்டை. அவுக போனதும் திரும்ப வாங்கி வச்சுருவாகளாம், லோகு சொன்னான். இருக்கட்டும்டா, போட்டுத் திரிஞ்சா அழுக்காகிரும்ல, அடுத்த தடவைக்கு வேணுமில்லன்னு சொன்னேன். எனக்கு அது தப்பாத் தெரியல. நான் கூட கலெக்டர் வர்றாருன்னா நல்ல பக்கெட்ட எடுத்து வெளிய வப்பேன், போனதும் பூட்டிருவேன்.

எம் மகன் அன்னிக்கு டிரம்மு அடிச்சான் தாயி! பேண்டு டிரம்மு. குழுவுக்குத் தலைவியா வந்த மேடம் வாசல்ல காலு வச்சதுல இருந்து சேர்ல உக்கார்ற வரைக்கும் அடிச்சான். கழிப்பிடத்துல காலி டின்னு கெடக்கும்ல, சின்னதுல இருந்தே அதத் தட்டித் தட்டிப் பழகுனவன். கையி ரெண்டும் நிக்காது அவனுக்கு. சோறு வர்ற வரைக்கும் தட்ட தட்டுவான், பஸ்ல போனா முன் சீட்டுக் கம்பியத் தட்டுவான், தூங்குறப்ப எம் முதுகத் தட்டுவான். அந்த மேடம் நின்னு கேட்டுச்சு. சூப்பிரண்டு ஐயாவுக்கு, அதான் அந்த இல்லத்துக்கே பெரியவரு, அவருக்கு மொகமெல்லாம் பல்லு.

மேடம் நல்ல மனுசி. வெள்ள முடி, மெல்லமாப் பேச்சு. நேரா எங்கிட்ட வந்து எங் கையப் பிடிச்சுச்சு. கழிப்பிடத்துக்காரி கைய யாரு தாயி பிடிப்பா? காசக் கூட மேசையில போட்டுட்டுப் போவாய்ங்களே ஒழிய எங் கையில குடுக்க மாட்டாய்ங்க. மேடம் பிடிச்சுக்கிட்டே கேட்டுச்சு, "ஏதாச்சும் கொறை இருக்காம்மா? தைரியமாச் சொல்லுங்க." பின்னாடியே சூப்பிரண்டு ஐயா நிக்கிறாரு. சிரிச்சுக்கிட்டே என்னையே பாக்குறாரு. பக்கத்துல ஒரு பொண்ணு பேனாவத் தெறந்துருச்சு.

அவ்வளவுதான். எங்க இருந்துதான் வந்துச்சோ. "கொறையா? என்னம்மா இப்பிடிக் கேட்டுட்டீக! வீட்ட விட இங்கதான் எம் பிள்ள நல்லா இருக்கான். நான் விடிஞ்சா வேலைக்குப் போறவ, வீட்ல இவனக் கேக்க நாதியில்ல. சேரக் கூடாத பயலுகளோட சேந்து கெட்டுத் திரிஞ்சான். இங்க வந்துதான் மனுசனா ஆனான். ஐயா பெத்த பிள்ள மாதிரிப் பாத்துக்குறாரு"ன்னு அளந்து விட்டேன் பாரு! அவன் எங்க கெட்டுத் திரிஞ்சான்? பள்ளிக்கூடம் விட்டா நேரா என் மேசைக்கு வந்துருவான். நீ போயி உலை வையிம்மா, நான் பாத்துக்குறேன்னு என்னைய அனுப்பிட்டு உக்காருவான். ஆனா பெரிய மனுசங்க வாயத் தெறந்து கேக்குறப்ப, நாம கொஞ்சம் தாராளமாச் சொல்ல வேணாமா? நம்ம சொன்னதுல மனசு குளுந்தா, சரி இந்தப் பொம்பள மகன விட்ருவோம்னு தோணும்லன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தவுகட்ட நாம வசதியா இருக்கோம்னுதான சொல்லுவோம், பட்டினி கெடக்கோம்னா சொல்லுவோம்?

மேடம் மனசு குளுந்துதான் போச்சு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு, மேடம், சூப்பிரண்டு ஐயா, நடுவுல நான். டீக்கடைக்காரன் வெட்டி ஒட்டி வச்சிருந்தான்.

அடுத்த வாய்தாவுக்குப் போனேன். கூட்டிட்டு வந்துரலாம்னு அவனுக்கு மாத்துச்சட்டை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன் தாயி. அங்க அந்த நீதிபதி அம்மா ஒரு காயிதத்தப் பாத்துப் படிக்குது. வீட்டுல கவனிக்க ஆளில்லன்னு தாயே சொல்லியிருக்காங்க. கெட்ட சகவாசம் இருக்குன்னும் சொல்லியிருக்காங்க. இப்பிடிப்பட்ட பிள்ளைகள அவசரப்பட்டு வெளிய விடாம, உள்ளயே வச்சு ஒரு தொழில் பழக்கலாம்னு ஆலோசனைக் குழுவும் சொல்லியிருக்கு. அதனால இப்போதைக்கு இல்லத்துலயே இருக்கட்டும். படிச்சு முடிச்சு என்னையப் பாத்து, "சந்தோசந்தானம்மா?"ன்னுச்சு.

நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனைக்கிற? ஆமாங்கம்மான்னுதான்.

வெளிய வந்ததும் அந்த நன்னடத்தை அலுவலர் தலையில அடிச்சுக்கிறாரு. "வாயக் குடுத்துக் காரியத்தக் கெடுத்துட்டீங்களே"ன்னு. எனக்கு வந்துச்சே கோவம்! நான் என்ன கெட்டதாவா சொன்னேன்? நல்லதத்தான சொன்னேன்? அவருக்கு வேற ஒண்ணுமில்ல, பேப்பர்ல என் படம் வந்துச்சு, அவரு படம் வரல. அந்தக் காந்தல்.

லோகு மாத்துச்சட்டை இருந்த பையப் பாத்தான், என்னையப் பாத்தான், வேன்ல ஏறிட்டான்.

அங்க இன்னொரு யோசனையும் சொல்லிட்டுப் போயிருந்தாக அந்தக் குழு. பிள்ளைகளுக்குப் புகார்ப் பெட்டி ஒண்ணு வைக்கணும்னு. யாரும் பேரு போட வேண்டியதில்ல, மனசுல உள்ளத எழுதிப் போடலாம். நல்ல யோசனைதான? சூப்பிரண்டு ஐயா மறுநாளே வச்சுட்டாரு, நீலப் பெயிண்ட் அடிச்சு, பூட்டுப் போட்டு. சாவி அவருகிட்டதான் இருக்கும், வேற யாருகிட்ட இருக்கும்?

அட, எங்க கழிப்பிடத்துல கூட ஒண்ணு இருக்கு தாயி! கான்டிராக்டர் வச்சது. சாவி இந்தா, எம் முந்தானையில முடிஞ்சிருக்கு பாரு. ஒரு நா தெறந்தா, "மேசையில் இருக்கும் பெண்மணி மரியாதை இல்லாமல் பேசுகிறார்"னு ஒருத்தன் எழுதியிருக்கான். பச்ச மையி. பேரு போடலைன்னா தெரியாதாக்கும்? பஸ்டாண்டுலயே பச்சப் பேனா வச்சிருக்கது டைம் கீப்பரு ஒருத்தன்தான். மறுநாளு வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றான். "மரியாதையா நில்லுங்க சார், உள்ள கழுவிக்கிட்டிருக்காக"ன்னு நிக்க வச்சேன் பாரு! நெளிஞ்சான் தாயி மனுசன். இன்னிக்கு வரைக்கும் என்னையக் கண்டா கும்பிடு போட்டுத்தான் போறான். ஹா... சிரிச்சாத் தேவலாம்னு இருக்கு. கொஞ்ச நேரம் பயம் மறந்துச்சு.

லோகு அந்தப் பெட்டியில எழுத மாட்டேன்னான். எழுதுனா யாரும்மா படிப்பான்னு கேட்டான். "மேடம் வச்ச பெட்டிடா, மேடம்தான் படிப்பாக. ஒண்ணும் எழுதாமக் கெடந்தா அவுக மனசு நோகும்ல? எழுதுறவந்தான் நல்ல பையன்னு நெனப்பாக, சீக்கிரம் விடுவாக. எழுதிப் போடுடா, ஏதாச்சும் எழுது"ன்னு நாந்தான் வற்புறுத்திச் சொல்லிட்டு வந்தேன். பாவம், சரின்னான். எஞ் சொல்லத் தட்ட மாட்டான்.

போன ஞாயித்துக்கிழம பாக்கப் போனேன். அது ஒண்ணு தாயி, என் வாழ்க்கையிலயே அப்பிடி ஒரு நாளு. இதே சட்டிதான், இதே முட்டக்கொழம்புதான். மூடியத் தெறந்து அவன் முன்னால வச்சேன். எப்பயும் நான் ஒக்கார்றதுக்குள்ள பாதியத் தின்னுருவான். அன்னிக்கு அப்பிடியே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். வெயிலு கொளுத்துது, இவன் முழுக்கைச் சட்டை போட்டு, கையி விரலு வரைக்கும் இழுத்து விட்டிருக்கான். எதுக்குடா இந்த வேக்காட்டுலன்னேன். புதுசும்மான்னான். தின்னுடா, ஆறிரும்னேன். அப்பத்தான் கேக்குறான், "அம்மா, நீ ஊட்டி விடும்மா."

மீசை மொளைக்கிற பய! அஞ்சாவது படிக்கிறப்பவே, பசங்க பாக்குறாய்ங்கன்னு எங் கையத் தட்டி விட்டவன். எனக்கு அப்பிடியே ஈரக்கொலையில பால் வாத்த மாதிரி இருந்துச்சு. அங்க காவலுக்கு நின்ன ஆளு பாத்தாப் பாக்கட்டும்னு, உருட்டி உருட்டி ஊட்டுனேன். கண்ணுல தண்ணி வந்துச்சு அவனுக்கு. காரம் ஜாஸ்தியாடான்னு சொல்லி, தண்ணியையும் நாந்தான் வாயில ஊத்துனேன். அத்தனையும் தின்னான். பிள்ளைக்குத் தாயி அருமை தெரிஞ்சுருச்சுன்னு பஸ்ல அழுதுக்கிட்டே சிரிச்சுக்கிட்டே வந்தேன். பாத்தவுக பைத்தியம்னு நெனச்சிருப்பாக.

மறுநாளு சூப்பிரண்டு ஐயாவே போன் பண்ணுறாரு. எனக்கு! குழு திரும்ப வருதாம், அவுக போன தடவ சொன்ன யோசனையெல்லாம் நடக்குதான்னு பாக்க. பிள்ளைகளப் பெத்தவுக சார்பா நீங்கதான் பேசணும், மேடமே உங்களத்தான் கேட்டாங்கன்னாரு. சரிங்கய்யா, சரிங்கய்யா. அப்பறம் மெல்லமாக் கேட்டேன், "ஐயா, லோகு டிரம்மு அடிப்பான்ல? நான் வர்றப்பப் பாக்கலாம்ல?" அவரு ஒரு தடவ இருமுனாரு. அப்பறம், "இந்தத் தடவ வேற பையன் அடிக்கட்டும்மா. லோகநாதனுக்கு உடம்பு முடியல, ரெஸ்ட்ல இருக்கான். வெளிய வர வேணாம்"னாரு. "நீங்க வந்து நல்லாப் பேசிட்டுப் போங்க. நல்லாப் பேசுனீங்கன்னா அவனுக்கும் நல்லது."

டிரம்மு விசயத்துல எனக்கு வருத்தந்தான், சொல்லாம என்ன? வேற எவனுக்கோ சிபாரிசு போல, எம் மகனக் கழட்டி விட்டுட்டாகன்னு நெனச்சேன். ஆனா அது இல்ல தாயி என்னையத் தூங்க விடாம அடிக்கிறது. அந்த "அவனுக்கும் நல்லது". அதச் சொன்னப்ப அவரு குரலு நல்லாத்தான் இருந்துச்சு. அதட்டல, மெரட்டல. ஆனா போன வச்ச பெறகு கதவத் தாப்பா போட்டு உக்காந்துட்டேன். பஸ்டாண்டுல கத்தியக் காட்டுனவனக் கூட வெளக்கமாத்தால அடிச்சிருக்கேன். நல்லாப் பேசுற மனுசனுக்கு எதுக்குப் பயப்படுறேன்னு எனக்கே தெரியல. ஒனக்குத் தெரியுதா?

சரி விடு. என்னையக் கொஞ்சம் பேசிப் பாக்க விடு. அங்க உள்ள வார்டன் ஒருத்தரு போனுலயே சொல்லிக் குடுத்தாரு, மனப்பாடம் பண்ணியிருக்கேன். தப்பு வந்தாச் சொல்லு. "மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களே, குழு உறுப்பினர்களே, வணக்கம். என் மகன் லோகநாதன் இங்கே மிகவும் நலமாக இருக்கிறான். வேளாவேளைக்கு உணவு, அன்பான கவனிப்பு..." இந்த எடத்துல எப்பயும் மறந்துருது எனக்கு. "அன்பான கவனிப்பு கிடைக்கிறது. முன்பெல்லாம் எதற்கும் என்னையே எதிர்பார்ப்பான். இப்போது தன் வேலையைத் தன் கையாலேயே செய்யப் பழகிவிட்டான்." அப்பறம் நன்றி வணக்கம். எப்பிடி? நல்லாயிருக்கா?

என்ன அப்பிடிப் பாக்குற?

என்ன கேட்ட? பஸ் சத்தத்துல கேக்கல. கையா?

கையக் காட்டுனானான்னா... எதுக்குக் காட்டணும்? கையி இருந்துச்சு. இல்ல, மேசை மேல இல்ல. தொடைக்கு அடியில வச்சிருந்தான். ரெண்டு கையும். சட்டைக்குள்ளதான் இருந்துச்சு. நீ ஆசுபத்திரிலயே கெடக்குறவ, எல்லாத்தையும் நோவாத்தான் பாப்ப. ஊட்டி விடச் சொன்னது பாசம் தாயி. பாசம்.

தண்ணி டம்ளரா? நாந்தான் பிடிச்சேன். அவன் பிடிக்கல.

ஒண்ணு சொல்லவா? கெளம்புறப்ப எப்பயும் எங் கன்னத்துல ரெண்டு தட்டுத் தட்டுவான். அதுவும் ஒரு தாளமாத்தான் தட்டுவான். அன்னிக்குத் தட்டல. தலையக் குனிஞ்சு எந் தோள்ல முட்டுனான். கன்னுக்குட்டி மடிய முட்டுமே, அப்பிடி. நான் அதையும் பாசம்னுதான்...

அய்யோ.

அய்யோ, சாமி. டிரம்மு அடிக்க வேணாம்னாரே. உடம்பு முடியலன்னாரே. நிக்காத கையி தாயி அது, அன்னிக்கு ஒரு தடவ கூட மேசையத் தட்டல. நான் அதப் பாக்கவே இல்லையே. நான் எஞ் சோத்தையும் என் சந்தோசத்தையும் பாத்துக்கிட்டு இருந்துட்டேனே.

எழுதியிருக்கான். எழுதிட்டான். வேணாம்னு சொன்னவன நாந்தான் எழுதுடா எழுதுடான்னு... சாவி யாருகிட்ட இருக்கு? பச்சப் பேனாக்காரன நான் வாசல்ல நிக்க வச்சேன். அதுவே எனக்கு அம்புட்டுச் சந்தோசம். அப்ப அவரு? அவரு என்ன செஞ்சிருப்பாரு?

பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லவா? நான் எறங்கிரட்டா? இல்ல, போகலன்னா, ஏன் வரலன்னு அந்தக் கோவத்தையும் அவன் மேலதான் காட்டுவாக. போயி நல்லா இருக்கான்னு சொன்னா, நல்லா இருந்தா இங்கயே இருக்கட்டும்னு மறுபடியும் எழுதுவாக. அடிக்கிறாகன்னு சொல்லட்டா? நீ பாத்தியாம்மான்னு கேப்பாக. நான் என்னத்தப் பாத்தேன்? ஒண்ணும் பாக்கல. மேடம் கண் கலங்கும், எழுதிக்கும், யோசனை சொல்லும். சாயங்காலம் கார்ல ஏறிப் போயிரும். அவுக போன பெறகு கதவப் பூட்டுறது யாரு? அவருதான். உள்ள இருக்குறது யாரு? எம் பிள்ளதான். பயமா இருக்கு தாயி.

இரு. இரு, ஒண்ணும் சொல்லாத. நான் யோசிச்சுக்கிறேன்.

அவுக உத்தரவு போட முடியாது. சரி. யோசனைதான் சொல்லுவாக. சரி. ஆனா பாக்கலாம்ல? கண்ணு இருக்குல்ல அவுகளுக்கு? ஒரு பிள்ளையப் பாக்குறதுக்கு உத்தரவு எதுக்கு?

நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். அவுக சொல்லிக் குடுத்தது அம்புட்டையும் அப்பிடியே ஒப்பிப்பேன். நலமா இருக்கான், வேளைக்குச் சோறு, அன்பான கவனிப்பு, எல்லாம். சூப்பிரண்டு ஐயா சிரிச்சுக்கிட்டே கேப்பாரு. கடைசியில, தன் கையாலேயே செய்யப் பழகிட்டான்னு வருதுல்ல, அங்க வந்து நிப்பேன். நின்னு, "அம்மா, ஒரே ஒரு ஆச. எம் மகன இங்க கூப்பிடுங்க. சோறு கொண்டாந்திருக்கேன். ஒங்க கண்ணு முன்னாடி, இந்த மேடையில, அவனே பெசஞ்சு ஒரு வாய் திங்கட்டும். பெத்தவ பாத்துட்டுப் போயிர்றேன்"னு கேப்பேன். உடம்பு முடியலம்பாரு. முடியாத பிள்ளைக்குத்தான் தாயி சோறு கொண்டாந்திருக்கேன்னு சொல்லுவேன். மைக்கப் பிடுங்குனாப் பிடுங்கட்டும். எனக்கு எதுக்கு மைக்கு? அந்தக் கட்டடத்துல அவன் எந்த மூலையில படுத்துக் கெடந்தாலும் கேக்குற மாதிரி, லோகுன்னு ஒரு சத்தம் போடுவேன்.

போடுவேனா? அவரு என்னையப் பாத்துச் சிரிச்சார்னா எனக்கு நாக்கு எழுமா? ஆமாங்கய்யான்னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன்னா?

பாலம் வந்துருச்சு. அடுத்த ஸ்டாப்புதான். தாயி, ஒனக்கு டூட்டிக்கு நேரமாகுதா? ஒரு அர மணி நேரம், எங்கூட வர்றியா? நீ ஒண்ணும் பேச வேணாம். நர்சுன்னு கூடச் சொல்ல வேணாம், எந் தங்கச்சி பொண்ணுன்னு சொல்லிக்கிறேன். நான் பாத்தாத் தெரியுற எடத்துல நில்லு, போதும். அந்தாளு மொகத்தப் பாக்காம ஒம் மொகத்தப் பாத்துப் பேசுவேன்.

வர்றியா? மகராசி. நல்லா இருப்ப.

ஒருவேள அவன் வந்து, நல்லா உக்காந்து, கொழம்ப ஊத்திப் பெசஞ்சு, எப்பயும் போல லபக்கு லபக்குன்னு தின்னுட்டான்னு வையி. இந்தப் பொம்பளைக்குக் கிறுக்குன்னு சபையே சிரிக்கும். மேடத்துக்கு என் மேல இருந்த மதிப்பெல்லாம் போயிரும். ஐயா கோவப்படுவாரு. சிரிக்கட்டும் தாயி. போகட்டும். நான் கூறுகெட்டவளா இருந்துட்டாப் போதும். எங் கொலசாமியே, இன்னிக்கு ஒரு நாளு நான் கூறுகெட்டவள்னு ஊரே சொல்லட்டும்.

எறங்குவோம். பாத்து, படி ஒசரம். இந்தத் தூக்குச்சட்டியக் கொஞ்சம் நீ பிடி, கொழம்பு சிந்திரும். எங் கையி நிக்க மாட்டேங்குது.